ஜன்னல் பாட்டின் இரண்டாவது சரணம்

குற்றாலலிங்கத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே கொட்டாவி வரும். பாடும்போதும் வரும், மேடையில் நிற்கிறோமே என்று அடக்கிக்கொள்வார். எண்பதுகளின் நடுவில் வந்த ஏதோ ஒரு தமிழ்ப் படத்தின் காதல் பாட்டு. படம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கதாநாயகன் யாரென்று கேட்டால் அவருக்கே யோசிக்க வேண்டியிருக்கும். பாட்டு மட்டும் சாக மாட்டேன் என்று நிற்கிறது. உன் ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று அவன் கேட்பான். எரிந்துகொண்டுதான் இருக்கிறது, நீதான் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அவள் சொல்வாள். இவ்வளவுதான் சங்கதி. இதற்குத்தான் ஊரே உருகுகிறது.

திருவனந்தபுரத்தில் ஜன்னல் பாட்டு என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும், ஆர்.டி.ஓ.வுக்கும் தெரியும். மலையாளிக்கு அர்த்தம் பாதிதான் புரியும், கண்ணீர் முழுசாக வரும். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர், மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்னால் ரெண்டு வரி பாடுங்களேன் என்று கேட்டிருக்கிறார். சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு அரிசி வியாபாரி இறந்து பதினாறாம் நாள் காரியத்தன்று, அப்பாவுக்குப் பிடித்த பாட்டு என்று மகன் கையைப் பிடித்துக் கெஞ்ச, பந்தலில் உட்கார்ந்து அதையும் பாடிக் கொடுத்திருக்கிறார். வியாபாரியின் மனைவி விசும்பிக்கொண்டே, அவர் இதைக் குளிக்கும்போது மட்டும்தான் பாடுவார் என்று சொன்னாள்.

ஏன் இந்தப் பாட்டு மட்டும் இப்படி என்று குற்றாலலிங்கம் யோசித்துப் பார்த்ததுண்டு. பல்லவியும் முதல் சரணமும் யார் வாய்க்கும் வரும். தானும் பாடகன்தான் என்று கேட்கிறவனை நம்ப வைத்துவிடும். இரண்டாவது சரணத்தில்தான் ஆளைக் கைவிடும். அங்கே ஆண் குரலுக்கு ஒரு நீண்ட வரி இருக்கிறது. மேலே ஏறி, வளைந்து வளைந்து, கடைசிச் சொல்லில் வந்து இறங்க வேண்டும். நடுவில் மூச்செடுத்தால் சொல் இரண்டாக உடைந்துபோகும். அந்த வரி முடிந்ததும் தபலா நிற்கும், ஒரு நொடி ஒன்றுமே இருக்காது, பிறகு பெண் குரலின் முனகல் வரும். எல்லோரும் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பது அவருடைய கட்சி. அந்த இடத்தைத் தன்னைப்போல் பாடுகிறவன் கொல்லம் முதல் நாகர்கோவில் வரை இல்லை என்பதும் அவருடைய கட்சிதான்.

இன்று கழக்கூட்டத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் முகூர்த்தம் முடிந்து, ஒரு பக்கம் இலை போட்டுச் சத்ய விருந்து நடக்க, மறுபக்கம் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி. மாசி மாத வெயில் தகரக் கூரையில் இறங்கி மண்டபத்துக்குள் அவித்துக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மூட்டை இறக்கி வைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார் குற்றாலலிங்கம். பட்டுச் சட்டைக்குள் வியர்வை வழிந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி முத்தாரம்மாள் இல்லை. அங்கே ஷிஜா என்கிற சின்னப் பெண் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷமும் அந்தப் பாட்டின் பெண் குரல் முத்தாரம்மாள்தான். போணக்காடு எஸ்டேட்டில் பிறந்த பெண். ஜாதகம் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். குற்றாலலிங்கம் அப்போது பகலில் சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதிவிட்டுச் சாயங்காலம் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். ஒருநாள் பாட வேண்டிய பெண் வராமல் போக, அடுக்களையில் முனகிக்கொண்டிருந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தினார். அன்றைக்குப் பிடித்தது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஜன்னல் பாட்டைப் பாடினால் கல்யாண ஜோடிக்கு ஐசுவரியம் என்று ஊரில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. இவர்கள் பாடி முடித்ததும் மணமக்கள் மேடையேறி இருவர் காலிலும் விழுவார்கள். காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இவர்களும் திருத்தவில்லை.

காலில் விழுகிற பிள்ளைகளுக்குத் தெரியாது, அந்த இரண்டு பேரும் வீட்டில் ஒழுங்காகப் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்று.

காரணம் அந்த இரண்டாவது சரணம்தான். கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, மறுபடி மேடையேறிய பிறகு, முத்தாரம்மாள் ஒரு புது வழக்கம் பிடித்துக்கொண்டாள். இவருடைய நீண்ட வரி முடிவதற்கு முன்பே, கடைசிச் சொல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, தன் முனகலை ஆரம்பித்துவிடுவாள். தபலா நிற்பதற்கும் வழியில்லை, அந்த ஒரு நொடி மௌனமும் போயிற்று. குற்றாலலிங்கம் சாடையாகச் சொன்னார், கேட்கவில்லை. முறைத்தார், அதற்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு கோயில் உற்சவத்தில், பாட்டு முடிந்து இறங்கியதும், குழுவில் எல்லோரும் இருக்கும்போதே கத்திவிட்டார்.

"ஏன் முந்துத? கைதட்டு எனக்கு வாரது ஒனக்குப் பொறுக்கலையா? தாளம் தெரியாட்டா வீட்ல இரு."

கீபோர்டு பத்மகுமார், தபலாக்காரர், மைக் செட்டுக்காரர் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முத்தாரம்மாள் தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் வைத்தாள். அடுத்த மேடையிலும் முந்தித்தான் வந்தாள். ஆனால் அன்றிலிருந்து வீட்டுப் பேச்சு சோறு, மாத்திரை, கேஸ் சிலிண்டர் என்று சுருங்கிப்போனது. மேடையில் மட்டும் முகம் பார்த்துச் சிரித்து, ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று கேட்டுக்கொண்டார்கள்.

போன மாதம் அவள் வாயைத் திறந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினாள். கால் நிற்க மாட்டேன் என்கிறது. வித்துராவில் தம்பி வீட்டு மாடி சும்மாதான் கிடக்கிறது. மாசி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையோடு சாலை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே போகப் போகிறேன். வந்தால் வாருங்கள், இல்லையென்றால் பாட்டோடு இருங்கள். குற்றாலலிங்கத்துக்குச் சுருக்கென்றது. நான் வரவில்லை, நீ இல்லாமலும் இந்தப் பாட்டு எடுபடும், பாடிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். பத்மகுமாரைப் பிடித்து ஷிஜாவை ஏற்பாடு செய்ததும் அவர்தான். உற்சவ சீசன் முழுக்க அவளோடு பாடலாம். ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு இந்தப் பாட்டு எடுபட்டுவிட்டால் போதும், எல்லாம் தீர்மானமாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஷிஜா கெட்டிக்காரி. தமிழ் எழுதத் தெரியாது, மலையாளத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிசிறில்லாமல் பாடினாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அங்கிள், நிங்ஙளும் ஆன்ட்டியும் பாடின ரீல் ஒண்ணு உண்டல்லோ, அதிலே ஆன்ட்டி நேரத்தே கேறி வருமே. எங்க அம்மா அந்த ஸ்தலத்திலதான் கரையும். நானும் அப்படிப் பாடட்டா?"

அம்மாவை அழவைக்கும் அந்த முந்தலைத்தான் கேட்கிறாள். வேண்டாம் என்றார். ஒரிஜினலில் இருக்கிற மாதிரிதான் பாட வேண்டும், என் வரி முடிந்து தபலா நிற்கிறவரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கீபோர்டின் வயரைச் செருகிக்கொண்டிருந்த பத்மகுமார் நிமிர்ந்தான். மோள் நேரத்தே கேறினால் என்ன, அதுவும் கேட்க நன்றாகத்தானே இருக்கும் என்று மெல்ல ஆரம்பித்தான். குற்றாலலிங்கம் பார்த்த பார்வையில் மறுபடி வயருக்குள் குனிந்துகொண்டான்.

புதுப் பாட்டுகள் ஒரு சுற்று முடிந்தன. பையனின் நண்பர்கள் ஆடிக் களைத்து உட்கார்ந்தார்கள். எதிர்பார்த்தபடியே முன் வரிசையிலிருந்து கோரஸாகக் குரல் வந்தது, ஜன்னல் பாட்டு, ஜன்னல் பாட்டு என்று. அந்தப் பாட்டு வந்தபோது பிறந்திராத பிள்ளைகள். மணப்பெண் ஸ்ரீலட்சுமி போட்டோக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

குற்றாலலிங்கம் முழங்காலில் கையூன்றி எழுந்தார். வந்த கொட்டாவியை விழுங்கினார்.

பல்லவி வழக்கம்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. முதல் சரணத்தில் பரிமாறுகிறவர்கள் கூட வாளியோடு வாசலில் வந்து நின்றார்கள். ஷிஜாவின் குரலில் முத்தாரம்மாளிடம் இல்லாத ஒரு பளபளப்பு இருந்தது. சரிதான், எடுபட்டுவிட்டது என்று குற்றாலலிங்கத்துக்குத் தோன்றியது. வித்துராவுக்குப் போகிறவள் போகட்டும்.

இரண்டாவது சரணம் வந்தது. மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு வரியில் ஏறினார். ஏற்றம் சுகமாக வந்தது. முதல் வளைவு வந்தது, இரண்டாவதும் வந்தது. இறங்கத் தொடங்கியபோது நெஞ்சுக்குள் காற்று தீர்ந்துவிட்டது. கொஞ்சம் குறைந்ததென்றால் சமாளித்திருப்பார், அடியோடு இல்லை. கடைசிச் சொல்லின் பாதி வாயில் நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

ஷிஜா மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். சொன்ன பேச்சை மீறாத பெண், வாயைத் திறக்கவில்லை. தபலா நின்றது. அந்த ஒரு நொடி மௌனம் அவர் கேட்டபடியே முழுசாகக் கிடைத்தது. அதற்குள் சத்யப் பந்தியில் யாரோ பாயசம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

பிறகு ஷிஜா சரியான இடத்தில் எடுத்தாள், பாட்டு முடிந்தது. கைதட்டல் வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. விழுந்த குழந்தையைத் தூக்கிவிடுகிற கைதட்டல் அது என்று தெரியாத அளவுக்கு அவர் மேடைக்குப் புதியவர் அல்ல. ஸ்ரீலட்சுமியும் பையனும் மேடையேறி வந்து, இவர் ஒருவர் காலில் மட்டும் விழுவதா வேண்டாமா என்று தயங்கி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பின்னால் வந்து உட்கார்ந்ததும் பத்மகுமார் சுக்கு வெந்நீர் கொடுத்தான். சாரமில்ல, பரவாயில்லை, சூடு ஜாஸ்தி அல்லவா என்றான். குற்றாலலிங்கம் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, இதற்கு முன்னால் எப்போதாவது இப்படி மூச்சு முட்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். அவனுக்கும் அலுத்துப்போயிருந்தது.

"முட்டியிருக்கு அண்ணாச்சி. கொரோனாக்குப் பின்ன எல்லா ஸ்டேஜிலயும் முட்டும். சேச்சி கேறி வாரதுகொண்டு ஆரும் அறிஞ்சில்ல."

முத்தாரம்மாள் முந்தி வந்ததால்தான் யாருக்கும் தெரியவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்ல வேண்டாம் என்று சேச்சி எல்லோரிடமும் சொல்லியிருந்தார் என்றான் பத்மகுமார். அண்ணாச்சி அன்றைக்குக் கத்தியபோது கூட நாங்கள் வாய் திறக்கப் பார்த்தோம், சேச்சி கண்ணைக் காட்டினார் என்றான்.

குற்றாலலிங்கம் இலையில் உட்காரவில்லை. வெயிலில் நடந்து போய்க் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறினார். ஸ்ரீகாரியத்தில் பஸ் நகராமல் நின்றது. முன்னாலும் பின்னாலும் வண்டி. பட்டுச் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனை எடுத்தார். தன் பாட்டைத் தானே கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பாடுகிற அலுப்பு போதாதென்று அதை வேறு கேட்க வேண்டுமா என்பார். ஷிஜா சொன்ன ரீலை அவரே தேடிப் பிடித்து, சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்தார்.

ஏதோ ஒரு கோயில் உற்சவம். அவரும் முத்தாரம்மாளும். அந்த வரி வந்தது. ஏறினார், வளைந்தார். இறங்குகிற இடத்தில் அவளுடைய முனகல் அடியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டது. மறுபடி வைத்தார். மூன்றாவது தடவையில்தான் பிடிபட்டது. அவர் குரல் கடைசிச் சொல்லுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அந்தச் சொல்லைப் பாடுவது அவள். இவருடைய சொல்லை, இவருடைய சாயலிலேயே, கீழே தணித்துப் பாடி முடித்துவிட்டுத்தான் தன் முனகலுக்குப் போகிறாள். மேடையில் நிற்கிறவனுக்கு அது தன் குரலாகத்தான் கேட்கும். அப்படித்தான் அவருக்கும் கேட்டிருந்தது. கீழே ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள். உருகுகிறது, கரைந்துபோனேன், இதுதான் காதல் என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. கூட நின்று பாடியவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக, இரண்டு வருஷம் அந்த வீட்டில் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் போனவள்தான் நினைவில் நின்றாள். பஸ் நகர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் வெயில்தான் காரணம் என்று நினைத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

சாலைக்குப் பின்புறம் சந்துக்குள் வீடு. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து, பாட்டு நன்றாகப் போயிற்று என்றே சொல்லிவிடலாம் என்ற முடிவோடு செருப்பைக் கழற்றினார். முத்தாரம்மாள் கூடத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாத்திரங்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சணல் கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகள் சுவரோரம் நின்றன. ஒன்றிலும் முடிச்சு இறுக்கமாக இல்லை. தனியாகக் கட்டியிருக்கிறாள்.

சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுப் பட்டினியாக வருகிற மனுஷனை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ச் சோறும் உள்ளித் தீயல் குழம்பும் எடுத்து வந்தாள். தட்டை வைத்துவிட்டு, மறுபடி பெட்டியிடம் போய் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த எடத்துல மூச்சு எட்டிச்சா?"

தயாராக வைத்திருந்த பொய் வாய்க்கு வரவில்லை.

"எட்டல."

முத்தாரம்மாள் ஒரு குத்துச்சட்டியைப் பழந்துணியில் சுற்றினாள். அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை, நான்தான் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன் என்றார் அவர். என்னிடமும் அதைத்தானே சொன்னீர்கள் என்று அவள் சொன்னாள். அதில் கோபம் இல்லை. கோபப்படுகிற தெம்பு இரண்டு பேருக்குமே இல்லை.

"சொல்லிருக்கலாம்லா, முத்து."

"பாடுத ஆளுகிட்ட மூச்சு கொறஞ்சு போச்சுன்னு எப்படிச் சொல்ல? சொன்னா மறுநாள் உள்ளதும் வராது. ஏச்சு வாங்குனா எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? உங்களுக்கு அந்தப் பாட்டு போயிருந்தா, நீங்க என்ன செஞ்சிருப்பிய?"

குற்றாலலிங்கம் சோற்றில் கையை வைத்தபடி அழுதார். அவள் தேற்றவில்லை. தண்ணீர்ச் செம்பை மட்டும் அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அழுது முடித்துச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அவளுக்கு எதிரே பெட்டியருகில் தரையில் உட்கார்ந்தார். அவள் கயிற்றைக் குறுக்கே போட்டு முடிச்சுக்கு வளைத்ததும், கேட்காமலே தன் விரலை முடிச்சின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அவள் இறுக்கிக் கட்டினாள். அவர் விரலை உருவிக்கொண்டார். அடுத்த பெட்டியையும் அப்படியே கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வித்துரா பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். காலையிலேயே இருக்கிறது, சாமான் தம்பி வண்டியில் வந்துவிடும் என்றாள். அங்கேயும் உற்சவம் வரும், உன் தம்பி சும்மா இருக்க மாட்டான், ரெண்டு பேரையும் மேடையேற்றி அந்தச் சனியன் பாட்டைப் பாடச் சொல்லுவான் என்றார்.

"சொல்லுவான்."

"சொன்னா என்ன செய்ய?"

"பாடுவோம். வேற என்ன செய்ய?" அவள் அடுத்த பெட்டியை இழுத்தாள். "என் காலு நிக்காது. நாக்காலி போடச் சொல்லணும்."

குற்றாலலிங்கம் முடிச்சின்மேல் விரலை வைத்தார்.

"எனக்கும் ஒரு நாக்காலி போடச் சொல்லு. அந்த எடம் வந்தா நீ முந்திக்கோ."

முத்தாரம்மாள் கயிற்றை இழுத்தாள். அவருக்கு விரல் வலித்தது. எடுக்கவில்லை.